செய்து பார்த்து எழுதியவர்

பன்னிரண்டரைக் கிலோ எடையுள்ள கருங்கல் பிள்ளையாரைப் பள்ளிக்கூடப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு, மாமல்லபுரத்துக் கடைத்தெரு வழியாகப் பேருந்து நிலையத்தை நோக்கி நான் நடந்திருக்கிறேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. தலையில் முக்காடு. எனக்கு முன்னால் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பார்சல் அக்கா. எனக்குப் பின்னால், தன் பிள்ளையாரை விட்டு ஓர் அடிகூட விலகாமல் சிற்பி ஒருவர்.

எல்லாம் ஒரு சிறுவர் கதைக்காக.

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். அக்கா ரயில் நிலையத்தில் பார்சல் பிரிவில் வேலை பார்த்தார். அவருடைய கதைப் புத்தகங்களின் அட்டையில் வேறு பெயர் இருக்கும். அந்தப் பெயரை எத்தனையோ முறை தட்டச்சு செய்திருக்கிறேன். ஆனாலும் எனக்கும், டீக்கடைக்காரருக்கும், ஆட்டோ ஸ்டாண்டுக்கும் அவர் பார்சல் அக்காதான். மாலை ஐந்தரைக்கு வேலை முடிந்ததும் நீளமான நோட்டு ஒன்றைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு கடைக்குள் வருவார். மின்விசிறிக்கு நேராக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். "அடி பர்வீனு" என்பார். பார்க்கிறவர்கள் என்னைத் திட்டுவதாக நினைப்பார்கள். தட்டச்சு செய்யச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

எழுதுவது குழந்தைகளுக்கான துப்பறியும் கதைகள். காணாமல்போன சைக்கிள், பூட்டிய அறைக்குள் தின்னப்பட்ட அதிரசம், கலங்கரை விளக்கத்தில் விட்டுவிட்டு எரிந்த வெளிச்சம் என்று மாதம் ஒன்று ஒரு சிறுவர் இதழுக்குப் போகும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் பக்கத்துக்கு நாலைந்து இடங்களில் பென்சிலால் சின்ன வட்டம் போட்டிருப்பார். அவர் இன்னும் செய்து பார்க்காத விஷயங்கள் அவை. எல்லா வட்டமும் அழிந்தால்தான் கதை அச்சுக்குப் போகும். மூன்று நிமிடத்தில் ஒரு சிறுமி சவுக்குத் தோப்பைக் கடந்தாள் என்று எழுதியிருந்தால், செய்யூர்ப் பக்கம் போய், ஒரு சவுக்குத் தோப்புக்குள் தானே ஓடிப் பார்த்துவிட்டு வருவார். வந்து, "மூணு இல்ல, ஆறரை. நடுவுல செருப்பு அறுந்திச்சி" என்று சொல்லி வட்டத்தை அழிப்பார்.

"கதைதானேக்கா" என்று ஆரம்பத்தில் ஒரு நாள் சொல்லிவிட்டேன்.

"கதைதான். ஆனா படிக்கிற புள்ளைங்கள்ள ஒண்ணாவது அத செஞ்சி பாக்கும். பாத்துட்டு, இவ பொய் சொல்றான்னு புக்க மூடிரும். அப்பால நான் இன்னா சொன்னாலும் அது கேக்காது."

பிள்ளையார் கதையும் இப்படித்தான். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சிற்பக் கூடத்திலிருந்து ஒரு பிள்ளையாரை எடுத்துப் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறிவிடுகிறாள். கப்பலில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்பப்போகிறார்களே என்று அதன்மேல் அவளுக்குப் பரிதாபம். அருமையான கதை. ஆனால் "பையில் போட்டுக்கொண்டாள்" என்ற இடத்தில் வட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்தில் என்னை ஏற்றிவிட்டார். மடியில் அவருடைய மகன் சின்ன வயதில் பயன்படுத்திய பள்ளிக்கூடப் பை. மாமல்லபுரத்தில் இறங்கி, உளிச் சத்தம் கேட்ட முதல் சிற்பக் கூடத்துக்குள் நுழைந்தார்.

"பன்னெண்டு பதிமூணு கிலோவுல ஒரு பிள்ளையார் கீதாங்க?"

சிற்பி உளியைக் கீழே வைத்தார். முகமெல்லாம் வெள்ளைத் தூசி. "அங்குலத்துல கேப்பாங்க, அடியில கேப்பாங்க. நீ இன்னாம்மா அரிசி மாதிரி கிலோவுல கேக்குற?"

அக்கா வரிசையாக இருந்த பிள்ளையார்களை ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். "இது ஒம்போது. இது இருவதுக்கு மேல. இது பன்னெண்டரை. இத குடுங்க. வாங்க வரல, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எடுத்துகினு போயிட்டு திருப்பிக் குடுத்துர்றோம்."

"இன்னாது? திருடறதுக்கு ரிகர்சலா?"

"அதேதான்" என்றார் அக்கா, கொஞ்சமும் சிரிக்காமல்.

சிற்பி ஒப்புக்கொண்டதற்குக் காரணம் இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வெயிலில் உட்கார்ந்து கல் செதுக்குகிறவருக்கும் ஒரு பொழுதுபோக்கு வேண்டும்போல. ஆனால் கூடவே வருவேன் என்று மட்டும் சொல்லிவிட்டார். பையை யார் மாட்டிக்கொள்வது என்ற கேள்வி வந்தபோது அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அஞ்சாங்கிளாஸ் பொண்ணு உயரத்துக்கு நீதான் கிட்டத்துல வர."

நான் அவ்வளவு குள்ளமில்லை. இருந்தாலும் மாட்டிக்கொண்டேன். ஐம்பதாவது அடியில் தோள் எரிந்தது. நூறாவது அடியில் பிள்ளையாரின் தும்பிக்கை முதுகெலும்பில் குத்த ஆரம்பித்தது. சங்குக் கடைக்காரர் ஒருவர் நான் குனிந்து நடப்பதைப் பார்த்து, "பாவம், பையில இன்னாம்மா கீது?" என்று கேட்டார். "பிள்ளையார்ங்க" என்றேன். என் முக்காட்டைப் பார்த்தார், பையைப் பார்த்தார். பின்னால் தூசி அப்பிய முகத்துடன் வந்த சிற்பி, "ஆமாங்க, பிள்ளையார்தான்" என்று சாட்சி சொன்னதும் அவர் கடைக்குள் போய்விட்டார்.

இருநூறு அடி தாண்டியதும் பையின் ஒரு வார் அறுந்தது. பிள்ளையார் சாய்ந்தார். சிற்பி பாய்ந்து பிடித்துக்கொண்டார். அக்கா கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்தார்.

"பொண்ணால ஆவாதும்மா" என்றார் சிற்பி, பிள்ளையாரை இடுப்பில் குழந்தைபோல வைத்துக்கொண்டு. "ஒரு சைக்கிளு குடு அதுக்கு. பின்னால கட்டிகினு தள்ளிகினே போய்ரும்."

அந்தக் கதையில் இரண்டாம் அத்தியாயத்தில் திடீரென்று ஒரு துருப்பிடித்த சைக்கிள் வரும். படித்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு வாரம் என் தோளில் தைலம் மணத்தது.

இதுவாவது வெளியூரில் நடந்தது. எலுமிச்சைச் சாற்றில் எழுதிய ரகசியக் கடிதத்தைச் சூடு காட்டினால் எழுத்து தெரியும் என்பதைச் சோதிக்க, என் கடை லாமினேஷன் இயந்திரத்துக்குள் அதைச் செருகிவிட்டார். எழுத்து நன்றாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாட்களுக்கு நான் லாமினேட் செய்த அடையாள அட்டை எல்லாவற்றிலும் எலுமிச்சை வாசனை அடித்தது. சாதிச் சான்றிதழ் வாங்கிப்போன ஒருவர் திரும்பி வந்து, "இன்னாம்மா, ஊறுகா போட்டுகினு கீறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கதைகள் கொஞ்சம் பெயர் வாங்கியதும் அதே இதழிலிருந்து பயணக் கட்டுரை கேட்டார்கள். காஷ்மீர் பற்றி எழுதுங்கள், படங்கள் நாங்கள் போட்டுக்கொள்கிறோம் என்றார்களாம். "நான் போனதில்லியே" என்றார் அக்கா. பரவாயில்லை, எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றார்களாம். அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு மதுராந்தகத்துக்குப் பேருந்து ஏறினார். மதுராந்தகம் ஏரிக்கரைமேல் ஒரு பகல் முழுக்க நடந்து, அதைப்பற்றி எட்டுப் பக்கம் எழுதினார். கரையிறக்கத்தில் ஒரு டீக்கடை, அங்கே இஞ்சி டீ, கடைக்கு இடப்பக்கம் ஒரு புங்கமரம். அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்க மறுபடியும் போனார். கடை சாலைக்கு எதிர்ப்பக்கம் மாறியிருந்தது. இப்போது புங்கமரம் வலப்பக்கம். நிழல் விழுவதுகூட வேறு நேரத்தில். எட்டுப் பக்கத்தையும் திருத்தினார். நான் எட்டுப் பக்கத்தையும் மறுபடி அடித்தேன். கட்டுரை வெளிவந்த வாரம் யாரோ சொன்னார்கள், கடையையே மூடிவிட்டார்களாம். அக்கா அன்று என்னோடு சரியாகப் பேசவில்லை. கடையை நான் மூடச் சொன்னதுபோல.

இப்படி ஊரெல்லாம் அலைந்து பார்த்துவிட்டு வந்த மனிதருக்கு ஒரே ஓர் இடத்தில் மட்டும் கால் தயங்கும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சாலையோரம் நீலத் தார்ப்பாய் கட்டிப் பெண்கள் மீன் விற்பார்கள். அக்கா வரிசையின் முதல் கடையிலேயே வாங்கிவிட்டுத் திரும்பிவிடுவார். மூன்றாவது தார்ப்பாய் பக்கம் முகத்தைக்கூடத் திருப்ப மாட்டார். அங்கே மீன் நன்றாக இருக்கிறதே என்று ஒரு முறை கேட்டேன். "இதுவே போதும்" என்று மட்டும் சொன்னார்.

காரணம் எனக்குத் தெரிந்தது, அவர் ஓய்வு பெற்ற பிறகு. சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகத்தார் அவருடைய வாழ்க்கையையே எழுதித் தரச் சொன்னார்கள். அக்கா அந்தக் கடற்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்தவர். மீன்பிடிக் குடும்பம். பத்தாவது வரை படித்து, பரீட்சை எழுதி, ரயில்வேக்கு வந்தவர். வாழ்க்கைக் கதையிலும் வழக்கம்போல வட்டங்கள். அப்பாவின் கட்டுமரம் எத்தனை முழம், அம்மாவின் மீன்கூடை எவ்வளவு எடை என்று எல்லாவற்றுக்கும் அலைந்து விசாரித்து அழித்துக்கொண்டிருந்தார்.

ஓர் அத்தியாயத்தில் மட்டும் வட்டமே இல்லை. பதினான்கு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

அக்காவுக்கு ஒன்பது வயது. குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் பித்தளைக் கைமணி காணாமல்போனது. யார் எடுத்தது என்று வாத்தியார் கேட்டார். வகுப்பே வாயைத் திறக்கவில்லை. சிறுமி அக்கா எழுந்து நின்று, தன் பக்கத்தில் உட்காருகிற கன்னியம்மா அதைப் பாவாடை மடியில் வைத்துக் கங்கையம்மன் கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோனதை ஜன்னல் வழியாகப் பார்த்ததாகச் சொன்னாள். கோயிலுக்குப் பின்னால் மணலைத் தோண்டிப் பார்த்தார்கள். மணி இல்லை. ஆனால் கன்னியம்மா இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அடுத்த சில வாரங்களில் அவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுபோனாள். உண்மையைச் சொன்ன என் வாயால் ஒரு பெண்ணின் படிப்பு போனதே என்று அக்கா அந்த அத்தியாயத்தை முடித்திருந்தார்.

மூன்றாவது தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் கன்னியம்மா.

"இதுல மட்டும் வட்டமே இல்லியேக்கா?" என்று கேட்டேன். வேறு எந்த எண்ணத்திலும் கேட்கவில்லை. பக்கம் விட்டுப்போயிருக்குமோ என்ற சந்தேகத்தில்தான்.

"அது நானே கண்ணால பாத்ததாச்சே" என்றார். பிறகு நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து, "கடைய மூடு. போலாம்" என்றார்.

பள்ளிக்கூடம் இப்போது புதுக் கட்டடம். ஆனால் பழைய ஓட்டு அறை ஒன்றை இடிக்காமல் சத்துணவு அரிசி மூட்டைகளைப் போட்டுவைத்திருந்தார்கள். சத்துணவு அமைப்பாளர் அம்மா பூட்டைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரே ஒரு ஜன்னல். அக்கா மூட்டைகளைத் தாண்டிப் போய், ஒன்பது வயது உயரம் வருவதற்காக முழங்காலில் மண்டியிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன்.

ஜன்னலுக்கு வெளியே மணல். மணலுக்கு அப்பால் கடல். இரண்டு படகுகள். அவ்வளவுதான். கங்கையம்மன் கோயில் எங்கள் முதுகுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"இந்த ஜன்னலு புதுசா வெச்சதாம்மா?" என்று கேட்டார் அக்கா. குரல் வேறு மாதிரி இருந்தது.

"எங்க புதுசு? நான் இங்கதான் படிச்சேன். அப்பவும் இதே ஜன்னலு, இதே துரு."

"கோயில இடம் மாத்தி கட்னாங்களா?"

"சாமிய எங்கம்மா மாத்துவாங்க? அங்கியேதான் கீது."

அக்கா மண்டியிட்டபடியே இருந்தார். நான் கையைக் கொடுத்தேன். எழுந்திருக்கவில்லை. "நான் பாக்கவே இல்ல பர்வீனு" என்றார். "வாத்தியாரு கேட்டாரு. எல்லாரும் சும்மா இருந்தாங்க. எனக்கு எதனா சொல்லணும்போல இருந்திச்சி. எழுந்து நின்னேன். வகுப்பே திரும்பி என்னப் பாத்திச்சி. அந்த நேரத்துக்கு வாயில வந்தத சொன்னேன். அப்பால சொல்லிச் சொல்லி, பாத்த மாதிரியே ஆய்ட்ச்சி. பாவாட கலருகூட எழுதி வெச்சிருக்கேன் பாரு."

திரும்பிப் போகலாமா என்று கேட்டேன். அக்கா சாலைக்கு நடந்தார். முதல் தார்ப்பாயைத் தாண்டினார். இரண்டாவதைத் தாண்டினார். மூன்றாவதன் முன்னால் போய் நின்றார்.

கன்னியம்மா அரிவாள்மணையில் மீனை அறுத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்த, தோள் அகன்ற பெண். நிமிராமலே, "வஞ்சிரம் கீது, சங்கரா கீது, இன்னா ஓணும்?" என்றார். பிறகுதான் நிமிர்ந்தார். கையிலிருந்த மீன் அப்படியே நின்றது.

"இன்னாடி, இத்தினி வருசமா மொத கடையிலியே திரும்பிகினு போவ. இன்னிக்கி வழி தப்பிட்ச்சா?"

"கன்னிம்மா, நான் பாக்கல."

"எத்த பாக்கல?"

"ஸ்கூலு மணிய. நீ எடுத்துகினு போனத நான் பாக்கவே இல்ல. பொய் சொன்னேன். இப்பதான் அந்த ரூமுக்குள்ள மண்டி போட்டு பாத்துட்டு வரேன். அங்கேர்ந்து கோயிலே தெரியாது."

கன்னியம்மா மீனைக் கீழே வைத்தார். "பாக்கலியா?"

"பாக்கல."

"அம்மன்மேல ஆணையா?"

"ஆணையா பாக்கல."

கன்னியம்மா சிரிக்க ஆரம்பித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை. தார்ப்பாய்க் கழியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்துக் கடைப் பெண்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். "அடிப்பாவி! எந்த சந்துலேர்ந்து இவ பாத்தான்னு ரோசன பண்ணி பண்ணி எனக்கு முடியே நரச்சிப்போச்சி! நான் வெச்சப்ப ஒரு ஈ காக்கா இல்ல. திரும்பித் திரும்பி பாத்துட்டுதான் வெச்சேன். கோயிலு பின்னாலன்னு கரீட்டா சொன்னியேடி!"

நான்தான் கேட்டேன். "அப்ப மணிய..."

"நான்தாம்மா எடுத்தேன். வேற யாரு எடுப்பா? மத்தியானம் எங்க நைனா கட்டுமரம் கரைக்கு வர்ற நேரத்துக்கு கரீட்டா மணி அடிச்சி உள்ள கூப்புட்டுகுவாங்க. ஒரு நாளாவது கரை தட்றத பாக்கலாம்னு எடுத்தேன். மொத நாளு கோயிலாண்ட பொதச்சி வெச்சேன். அப்பால பயந்துகினு தோண்டி எடுத்து நைனாவாண்ட குடுத்துட்டேன். அவரு ஒண்ணும் கேக்கல. மறுநாளு கடலுக்குப் போறப்ப எடுத்துகினு போய் நடுக்கடல்ல போட்டுட்டாரு. தேடிகினு ஒரு வாத்தியாரும் அங்க வரமாட்டான்னாரு."

"ஆனா உன் படிப்பு..." என்றார் அக்கா. "என்னாலதான நின்னுச்சி?"

கன்னியம்மாவின் சிரிப்பு நின்றது. "உன்னாலயா? எங்கம்மாவுக்கு ரெட்டப் புள்ள பொறந்திச்சி. யாரு தூக்கறது? நீ வந்து தூக்குனியா? மணி காணாம போவலன்னாலும் நான் நின்னிருப்பேன். எல்லாத்துக்கும் நீதான் காரணம்னு நெனச்சிகினு கீறியே, அவ்ளோ பெரிய ஆளாடி நீ?"

எத்தனையோ புத்தக மதிப்புரைகளை அக்காவுக்கு நான் படித்துக் காட்டியிருக்கிறேன். எதற்கும் அவர் முகம் அப்படிச் சிவந்ததில்லை.

கன்னியம்மா மறுபடி மீனை எடுத்தார். செதிலைச் சுரண்டிக்கொண்டே, கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார். "ஆனா ஒண்ணு. நீ சொன்னதும் எல்லாரும் என்ன திரும்பிப் பாத்தாங்க பாரு. அவங்க பாத்தது போவட்டும். நீயும் பாத்த. அது மட்டும் மனசுல கீது."

அக்கா மணலில் உட்கார்ந்துவிட்டார். "அதுக்கு நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

"இன்னா பண்ணுவ? வாரா வாரம் வந்து என்னாண்ட மீனு வாங்கு. நின்னு பேசிட்டுப் போ."

பேருந்தில் வரும்போது திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை அக்கா ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தார். பிறகு நோட்டைத் திறந்தார். கையில் பென்சில். "அவ சொல்றதுக்கு சாட்சி யாரு கீறாங்க?"

"அவங்க நைனாதான். அவரும் இப்ப இல்ல. மணியும் கடல்ல கீது."

பென்சில் கொஞ்ச நேரம் தாளுக்கு மேலே நின்றது. பிறகு அதைப் பையில் போட்டுவிட்டு, "பதினாலு பக்கம் போச்சி" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அது பதினான்கு பக்கத்துக்காக இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அத்தியாயத்தைப் புதிதாக எழுதினார். இந்த முறை நான் அடித்த தாள்களைத் தார்ப்பாய்க்கே எடுத்துப்போய், மீன் விற்கும் இடைவெளியில் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. கன்னியம்மா மீனை அறுத்துக்கொண்டே திருத்துவார். "பாவாட பச்ச இல்ல, காவி. எனக்கு பச்சப் பாவாடையே கெடையாது." "எங்க நைனாவுக்கு மீச இல்ல, எடு அத." "நான் அழுதேன்னு யாரு சொன்னது?" அக்கா மறுபேச்சில்லாமல் குறித்துக்கொள்வார். ஊரையே சோதித்துப் பார்த்த மனிதரை ஒருவர் சோதிப்பதைப் பார்க்க எனக்கு ஆனந்தமாக இருந்தது. புத்தகம் வந்தபோது முதல் பிரதியைக் கன்னியம்மாவிடம் கொடுத்தார். கன்னியம்மா எழுத்துக் கூட்டித் தன் பெயர் வரும் இடத்தைக் கண்டுபிடித்து, மீன் கை படாமல் முழங்கையால் பக்கத்தை அழுத்திக்கொண்டு பார்த்தார். "பேரு பெருசா போட்டிருக்கலாம்" என்றார்.

வாரம் ஒரு முறை என்பது இரண்டு முறையானது. ஒரு நாள் கன்னியம்மா கேட்டிருக்கிறார், "எம் பேருல ஒரு ஊரு கீதாமே, அங்க போயிருக்கியா?" அக்கா போனதில்லை. கன்னியம்மா செங்கல்பட்டைத் தாண்டியதே இல்லை. அடுத்த மாதமே இருவரும் கன்னியாகுமரிக்கு ரயில் ஏறினார்கள். வழியனுப்ப நான் போயிருந்தேன். கன்னியம்மா கருவாட்டுக் குழம்பை டப்பாவில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பெட்டி முழுக்க வாசனை. ஜன்னலோர இருக்கை யாருக்கு என்று, ரயில் புறப்பட்டபோதும் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பயணத்தை அக்கா புத்தகமாக எழுத ஆரம்பித்தார். நான் அடித்ததிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். அக்கா ஒன்று எழுதுவார், உடனே அடுத்த வரியில், "அப்படி இல்லை என்கிறாள் கன்னியம்மா" என்று வரும். விழுப்புரத்தில் வாங்கிய காபி சூடாக இருந்ததா ஆறியிருந்ததா என்பது பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம். ரயில் நாகர்கோவிலை நெருங்குவதுவரை எழுதி, நோட்டை என்னிடம் கொடுத்திருந்தார்.

ஊரிலிருந்து திரும்பி மூன்றாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய மகன்தான் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். காரியம் எல்லாம் முடிந்த பிறகு, வீட்டில் வேறு ஏதாவது எழுதிவைத்திருக்கிறாரா என்று தேடச் சொன்னேன். அதற்குமேல் எதுவும் இல்லை என்றார். பதிப்பகத்தாருக்கும் அப்படியே சொல்லிவிட்டேன். முடிவில்லாத புத்தகத்தை என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

இருபது நாள் கழித்து, காலை பதினொரு மணிக்குக் கன்னியம்மா என் கடைக்கு வந்தார். கஞ்சி போட்ட புடவை, தலை நிறையப் பூ. தனியாகப் பேருந்தில் வந்திருந்தார். மின்விசிறிக்கு நேராக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க வுட்டா?"

கணினியில் அந்தக் கோப்பைத் திறந்து கடைசி வரியைப் படித்தேன். நாகர்கோவில் வரப்போகிறது, கன்னியம்மா இன்னும் தூங்குகிறாள், எழுப்பினால் திட்டுவாள் என்று முடிந்திருந்தது.

"நான் தூங்கவே இல்ல. கண்ண மூடிகினு இருந்தேன். அத அப்பால மாத்திக்கலாம். நீ அடி."

சொல்லிக்கொண்டே போனார். இறங்கியது, ஆட்டோ பிடித்தது, விடுதியில் வாளி ஓட்டையாக இருந்தது, கரைக்குப் போனது. கிழக்கே, தெற்கே, மேற்கே என்று மூன்று பக்கமும் கடல். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு அக்கா பாறைமேல் இறங்கினாளாம். மூன்று பக்கத்துத் தண்ணீரையும் கையில் அள்ளி, நாக்கில் வைத்துப் பார்த்தாளாம். மூன்றும் ஒரே உப்பா, வேறு வேறு உப்பா என்று தெரிய வேண்டுமாம். சுற்றி நின்ற கூட்டமெல்லாம் சூரியனை விட்டுவிட்டு அவளையே பார்த்ததாம்.

என் விரல்கள் நின்றுவிட்டன. செய்யக்கூடியவர்தான். ஆனால் அக்கா ஒரு முறைகூட என்னிடம் இதைச் சொன்னதில்லை.

"நெசமா நடந்திச்சாக்கா?"

கன்னியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ கூட வந்தியா?"

"வரல."

"அப்ப அடி."

அடித்தேன். "சரி, மூணும் ஒண்ணா, வேற வேறயா? இன்னா சொன்னாங்க?"

"மூணும் ஒரே உப்புதான்னு சொன்னா" என்றார் கன்னியம்மா. பூவைச் சரிசெய்துகொண்டார். "ஆனா அப்டி போடாத. கெழக்கால கீறது நம்ம கடலு. அது மட்டும் கொஞ்சம் தித்திப்பா இருந்திச்சின்னு போடு."